ஒருவரும் இல்லாத ஊரில் ஓர் அர்ச்சனை

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கப் போவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஐம்பது வயது கடந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். நான் லண்டனுக்குப் போனேன் என்றால், அக்காவின் குசினியில் நின்று வெங்காயம் உரித்தேன் என்று அர்த்தம். பாரிஸின் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை மச்சாளின் காரில் பின்சீட்டில் இருந்து, மடியில் மரக்கறிப் பையோடு பார்த்தேன். தொரொன்ரோவில் பல கிழமைகள் நின்றும் பார்த்தது பெண்பிள்ளைகள் பெரியவளான கொஞ்சச் சாமத்தியவீட்டு வீடியோக்களும் ஒரு நீர்வீழ்ச்சியும்தான். நீர்வீழ்ச்சியிலும் தம்பியின் மனைவி பக்கத்தில் நின்று தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததால், தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அதனால் யாருமே இல்லாத ஒரு நாட்டுக்குப் போய், ஒரு நாளாவது தனியாகத் திரிய வேண்டும் என்று ஆசை பிடித்தது. ஆசைப்படுவது சுகம், நாடு கிடைப்பதுதான் கஷ்டம். டென்மார்க்கில், ஒடென்சேயில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போனில் உலகப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடாகக் கழித்தேன். நோர்வே, சுவிஸ், ஜேர்மனி எல்லாம் கதைக்கவே தேவையில்லை. இத்தாலியில் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். ஐஸ்லாந்தில்கூட கணவரோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாராம்; போனால் அவர் வீட்டில் தங்காமல் வரக்கூடாதாம். கடைசியில் என் விரல் மத்தியதரைக் கடலைத் தாண்டி மொறொக்கோவில் போய் நின்றது. அங்கே ஒருவரும் இல்லை. நம்பமுடியாமல் கணவரிடம் சாடைமாடையாகக் கேட்டும் பார்த்தேன். அவருக்கும் ஒருவரும் இல்லை.

உல்லாசப் பயணம் என்று சொன்னால் வீட்டில் வழக்கு வரும் என்று தெரியும். ஆகவே அந்த நாட்டில் ஒரு புனித நகரத்தைத் தேடிப் பிடித்தேன். மெக்னெஸ் என்ற நகரத்துக்குப் பக்கத்தில், மலைமேல், மூலே இத்ரிஸ் என்று ஒரு சின்ன ஊர். அந்த நாட்டவர் கொண்டாடும் ஒரு மகான் அங்கே அடக்கமாகியிருக்கிறார். முந்தி வேற்று மதத்தவர் அந்த ஊரில் இரவு தங்கவே முடியாதாம். இதைவிடப் புனிதமான இடம் எங்கே கிடைக்கும்?

"உமக்கு அங்கை ஆர் இருக்கினம்?" என்று கணவர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போகவேணும்?"

"கோயிலுக்கு. யாத்திரை போறவையை ஆரும் மறிக்கிறதோ?"

"அது எங்கடை கோயிலோ?"

"சாமியெல்லாம் ஒண்டுதான் எண்டு போன நத்தார் விருந்திலை வைன் கிளாசோடை நிண்டு சொன்னது ஆர்?"

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மகள் மூடவில்லை. அவள் இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள். சாதாரணமாக என்னை அம்மா என்பாள். கோபம் வந்தால் மட்டும் டெனிஷ்காரர்போல 'மோர்' என்பாள். அன்று வாக்கியத்துக்கு ஒரு மோர் வந்தது. என் போனை வாங்கி, நான் எங்கே நின்றாலும் தன் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்தாள். பிறகு நிபந்தனை போட்டாள். அவள் எப்போது போன் அடித்தாலும் நான் எடுக்க வேண்டும். ஒருமுறை எடுக்காவிட்டாலும், புள்ளி போகக்கூடாத இடத்துக்குப் போனாலும், தனியாகப் போவது அதோடு முடிந்தது. இனி எந்த நாடென்றாலும் அப்பாவோடுதான்.

அப்பாவோடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சகாரா பாலைவனத்தின் நடுவில் விட்டாலும் அந்த மனிதர் தன்னோடு படித்த ஒருவரைக் கண்டுபிடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினாலும் எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. இத்தனை வருடமாக வீடு வீடாகப் போய் டெனிஷ் வயோதிபர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கும் வேலை செய்கிறேன். என்னுடைய நேரமெல்லாம் மற்றவர்களின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போயிருக்கிறது. எனக்கென்று ஒரு நாளைக் கேட்கவே வெட்கப்பட்டவள் நான். கேட்டுவிட்டேன். இந்த ஒரு நாள் பிழையாய்ப்போனால் இன்னொரு நாள் கிடைக்காது.

மெக்னெஸில் காலையில் எழும்பி, அந்த மலை ஊருக்குப் போகும் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஆட்கள் சேரச் சேரக் கார் புறப்படும். நான் பழக்கதோஷத்தில் வரிசை இலக்கச் சீட்டு கொடுக்கும் பெட்டி எங்கே என்று தேடினேன். டென்மார்க்கில் நாங்கள் மருந்துக்கடையிலும் சீட்டை எடுத்துவிட்டுத்தான் இருமுவோம். இங்கே சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை. ஒருவர் ஊரின் பெயரைக் கத்தினார், எல்லோரும் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். பின்சீட்டில் ஒரு சலவை இயந்திரத்தின் மோட்டாரை மடியில் வைத்திருந்த ஒருவருக்கும் கதவுக்கும் இடையில் எனக்கு இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று பள்ளிக்கூடம் போனவளுக்கு இதெல்லாம் சோபா.

ஊர் இரண்டு குன்றுகளில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவே பச்சை ஓடு போட்ட கூரை ஒன்று தெரிந்தது. அதுதான் அந்த மகானின் இடம் என்று பார்த்தவுடனேயே விளங்கியது. காரால் இறங்கினால் ஒரே படிகள். கழுதைகள் எரிவாயுச் சிலிண்டரும் செங்கல்லும் சுமந்துகொண்டு என்னைவிட லேசாக ஏறின. பின்னால் வருகிறவர்கள் "பலாக்! பலாக்!" என்று கத்துவார்கள். விலகு என்று அர்த்தம் என்பதை ஒரு கழுதை எனக்கு இடுப்பில் இடித்து விளங்கப்படுத்தியது.

ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சிலர் பின்னால் வந்தார்கள். ஆங்கிலத்தில் வேண்டாம் என்றால் விடுகிறார்கள் இல்லை, பிரெஞ்சு எனக்குத் தெரியாது. "ஓம் தம்பி, வாறன், நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பிறகு வாறன்" என்று தமிழில் அன்பாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அழைப்பிதழோடு வருகிற ஆட்களை ஒடென்சேயில் இப்படித்தான் சமாளிப்பேன். இங்கேயும் வேலை செய்தது.

ஒலிவ் விற்கிற கடைக்காரர் என்னைப் பார்த்து "இந்தியா?" என்று கேட்டு, ஒரு ஹிந்தி நடிகரின் பெயரையும் சொன்னார். நான் "டென்மார்க்" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார், ஒலிவை ஒருமுறை பார்த்தார். விலை குறைக்க நான் ஏதோ புதுத் தந்திரம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆனால் அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தேன். எங்கள் ஆளாக இருந்தால் அடுத்த கேள்வி, ஊரில் எவடம்? அதற்கடுத்தது, எந்தக் கோயிலடிப் பக்கம்? பிறகு, அப்ப இன்னாரைத் தெரியுமோ? மூன்றாவது கேள்வியில் எப்படியும் சொந்தம் வந்துவிடும், நாலாவதில் சண்டையும் வந்துவிடும். இங்கே நான் யாருடைய மகள், யாருடைய மனைவி, ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்தினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலே ஒரு திறந்த இடத்தில் இருந்து, ஊர் முழுவதையும் கீழே பார்த்துக்கொண்டு என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். டென்மார்க்கில் இருந்து கொண்டுவந்த கறுப்பு றை பாண் ரொட்டி, நடுவில் மாசிக் கருவாடு போட்டு இடித்த உறைப்பு மாசிச்சம்பல். வேலைக்கும் அதுதான் கொண்டுபோவேன். வட்டமாக எழுந்த பள்ளிவாசல் மினாரா ஒன்று எனக்கு நேரே நின்றது. மற்ற இடங்களில் எல்லாம் சதுரம்தான் பார்த்திருந்தேன். வாய் முழுக்கப் பாணோடு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பது எனக்கே திடீரென்று தெரிந்தது.

மகள் அடித்தாள். உடனே எடுத்தேன். "புள்ளி நல்ல இடத்தில் நிற்கிறது" என்றாள் டெனிஷில். "ஓம், புள்ளி சாப்பிடுது" என்றேன்.

சாப்பிட்டு முடித்து இறங்கி, மகானின் இடத்துக்குப் போகும் பாதையைப் பிடித்தேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. இரண்டு பக்கமும் கடைகள். பாளம் பாளமாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் நூகா மிட்டாய், அதன்மேல் தேனீக்கள், பக்கத்தில் மெழுகுதிரிகள். டென்மார்க்கின் யூலண்டில் இருக்கும் எங்கள் கோயிலின் திருவிழாக் கடைகள் மாதிரியே இருந்தது. கற்பூரத்துக்குப் பதில் மெழுகுதிரி, வாழைப்பழத்துக்குப் பதில் நூகா, அவ்வளவுதான். எங்கள் ஆள் ஒருத்தி அர்ச்சனைச் சாமான் வாங்காமல் கோயில் வாசலைத் தாண்டமாட்டாள். நான் யோசிக்க முதலே கை வாங்கிவிட்டது. இரண்டு மெழுகுதிரியும் ஒரு பெரிய துண்டு நூகாவும் என் துணிப்பைக்குள் போயின.

பாதையின் முடிவில் வாசல். வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவில் மரத்தால் ஆன ஒரு தடி. கும்பிட வருகிறவர்கள் அதன்கீழ் குனிந்து உள்ளே போனார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் தடியோடு நின்றுவிட வேண்டும். இதை நான் வர முதலே வாசித்திருந்தேன். எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் வெளியே நின்று கும்பிடுவதில் எங்களுக்கு நல்ல பயிற்சி. வீட்டில் சாவு என்றாலும் துடக்கு, மாதவிலக்கு என்றாலும் துடக்கு, கோயிலுக்குள் போவதில்லை. அதற்காக அர்ச்சனையை விடுவதும் இல்லை. வாசலில் நின்று, உள்ளே போகிற யாராவது ஒருவரின் கையில் பையைக் கொடுத்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிடுவோம். பூசை முடிய அவர் தேங்காய்ப் பாதியும் பழத்தில் பாதியும் திருநீறும் கொண்டுவந்து தருவார். இது யாரும் யாருக்கும் சொல்லித்தருகிற விஷயமில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

முதலில் சப்பாத்தைக் கழற்றினேன். வெளியில் நிற்பவள் கழற்றத் தேவையில்லை என்பது பிறகுதான் விளங்கியது. நாடாவை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் கையில் இருந்ததைப் பைக்குள் வைத்தேன். பிறகு எழும்பி, தலையில் முக்காட்டைச் சரிசெய்து, நல்ல ஆளாகத் தேடினேன். யாரிடம் கொடுத்தால் பை ஒழுங்காகத் திரும்பி வரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

என் வயதில் ஒரு அம்மா வந்தார். மண்ணிற ஜெலாபா, அதுதான் அவர்கள் மேலே போடுகிற நீளச் சட்டை. கையில் சாவிகள் தொங்கும் திறப்புக்கோர்வை. ஒரு மாதர் சங்கத்தை நடத்தக்கூடிய முகம். நான் இரண்டு கையாலும் பையை நீட்டினேன். உள்ளே கை காட்டினேன். மெழுகுதிரியைக் காட்டி ஏற்றுவதுபோல் செய்தேன். பிறகு, முறை தவறக்கூடாதே என்று, தெளிவான தமிழில் கணவரின் பெயரைச் சொல்லி "பூரட்டாதி" என்றேன், மகளின் பெயரைச் சொல்லி "அனுஷம்" என்றேன். அந்த அம்மா மிகவும் கவனமாகக் கேட்டார். நெஞ்சில் கை வைத்தார். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பையோடு தடியின்கீழ் குனிந்து போனார்.

நான் கை கூப்பிக்கொண்டு வெறுங்காலோடு நின்றேன். கல் குளிர்ந்தது. சுற்றுலாக்காரர் இரண்டு பேர் என் காலைப் படம் எடுத்தார்கள். அர்ச்சனைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? ஐயர் மெதுவான ஆள் என்றாலும் இவ்வளவு எடுக்காது. என்ன நேரம் என்று பார்க்க போனைத் தேடினேன். இடுப்புப் பையில் கடவுச்சீட்டு இருந்தது, காசு இருந்தது. போன் இல்லை.

நாடா அவிழ்த்தது நினைவுக்கு வந்தது. போன் துணிப்பையோடு உள்ளே போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்த அம்மாவுக்கு அர்ச்சனை என்றால் என்னவென்று தெரியுமா? பாதியைத் திருப்பித் தரவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? அவரைப் பொறுத்தவரை, சப்பாத்து இல்லாத ஒரு வெளிநாட்டுக்காரி வழியில் மறித்து, மெழுகுதிரியும் மிட்டாயும் ஒரு போனும் பரிசாகக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் அந்த முத்தம்!

மகள் வேலையிடத்தில் மதிய இடைவேளையில் போனைப் பார்ப்பாள். அவளுடைய அம்மா போகக்கூடாத இடத்துக்குள் நீலப் புள்ளி போய் நடுவில் குந்திக்கொண்டு இருக்கும். அடிப்பாள். நான் எடுக்கமாட்டேன். அவள் அப்பாவுக்கு அடிப்பாள், அவர் லண்டனுக்கு அடிப்பார், லண்டன் அக்கா தொரொன்ரோவை நித்திரையால் எழுப்புவா. பின்னேரத்துக்குள் மொறொக்கோவில் யாருக்காவது ஒரு ஒன்றுவிட்ட மச்சான் முளைத்துவிடுவான். என் தனிப்பயணம் அதோடு சரி. அழுகை வருகிற அளவுக்கு எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மெழுகுதிரி விற்றவரிடம் போய்க் காதில் கையை வைத்துக் காட்டினேன். அவர் மிகவும் பரிவோடு மருந்துக்கடை இருக்கும் திசையைக் காட்டினார்.

உள்ளே போய்விடலாமா என்றும் யோசித்தேன். பொய் சொல்லவில்லை. என் நிறமும் முக்காடும் அந்த இடத்துக்குப் பொருந்தித்தான் இருந்தன. குனிந்து போன ஒரு பெண் எனக்கும் வா என்று கை காட்டினார். ஒரு குனிவு, அவ்வளவுதான். ஒரு அடி வைத்தும்விட்டேன். ஆனால் எங்கள் ஊர்க் கோயில் வாசல்களில் யார் யாரை உள்ளே விடாமல் வைத்திருந்தோம் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் அதை எத்தனை காலம் பொறுத்தார்கள் என்பதும் தெரியும். அவர்களை அங்கே நிறுத்தியது எங்கள் பிறப்புப் பெருமை. இங்கே என்னிடம் கேட்டது ஒரு சின்ன மரியாதை. இதைக்கூடக் கொடுக்காமல் உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. அதோடு, பிடிபட்டால் நீலப் புள்ளி நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போகும். வைத்த அடியைப் பின்னால் எடுத்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் தடியின்கீழ் மண்ணிற ஜெலாபா குனிவது தெரிந்தது. அந்த அம்மாதான். ஒரு கையில் என் துணிப்பை, மற்றக் கையில் என் போன், திரை வெளிப்பக்கம் பார்க்க, ஆராத்தித் தட்டுப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தார். திரையில் என் கணவர். ஒடென்சேயில் எங்கள் குசினியில் சாரத்தோடு, தோளில் துவாயோடு இருந்தார்.

"எங்கை நிக்கிறீர்?" என்றார்.

"வெளியிலை."

"நான் உள்ளுக்கை போயிட்டு வாறன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தை நான் கல்யாண வீடியோவிலும் பார்க்கவில்லை. நடந்தது இதுதான். மகள் புள்ளியைப் பார்த்துவிட்டு அடித்திருக்கிறாள். என் போனில் அழைப்பு வந்தால் நாதஸ்வரம் வாசிக்கும். அந்த அமைதியான இடத்தில் பைக்குள் இருந்து நாதஸ்வரம் கிளம்பியதும், அந்த அம்மா திகைத்துப்போய் எடுத்திருக்கிறார். அரபியில் பேசியிருக்கிறார். மகளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் தாய் தகப்பன் மொறொக்கோக்காரர். மகள் அவளைச் சாப்பாட்டு மேசையில் இருந்து இழுத்துக்கொண்டு வந்து போனைக் கொடுத்திருக்கிறாள். அப்பாவையும் வீடியோ அழைப்பில் சேர்த்திருக்கிறாள். நான் வெறுங்காலோடு உலகத்தை நினைத்து நடுங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், எங்கள் வீடு முழுக்க உள்ளே நின்றிருக்கிறது.

"என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"முக்கால்வாசி நேரம் அந்த அம்மான்ரை காது. மிச்சம் கூரை. நல்ல மரவேலை."

பையைத் திறந்தேன். ஒரு மெழுகுதிரி குறைந்திருந்தது. நூகா சரிபாதியாக வெட்டப்பட்டு, பாதி எனக்காகக் கடதாசியில் சுற்றி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாமியெல்லாம் ஒன்று என்று கணவர் சொன்னது வைனால் அல்ல என்று அன்று நம்பினேன். எங்கே போனாலும் பாதி திரும்பி வருகிறதே!

அந்த அம்மா என்னை விடவில்லை. சப்பாத்தைப் போடவைத்து, கையைப் பிடித்து, பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் இருத்தினார். புதினாத் தேநீர் வந்தது. அதில் இருந்த சீனியைப் பார்த்தால் மகள் எனக்கு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிடுவாள். அவர் தன் பங்கு நூகாவை எடுத்தார், நான் என் பங்கை எடுத்தேன். பதிலுக்கு என்னிடம் மிஞ்சியிருந்த றை பாணையும் மாசிச்சம்பலையும் நீட்டினேன். ஒரு கடி கடித்ததும் அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிறகு மற்றத் துண்டையும் எடுத்துக்கொண்டார். கார் நிற்கும் இடம்வரை வந்து, நல்ல இடமாகப் பார்த்து என்னை ஏற்றி, சாரதியை ஏதோ அதட்டினார். என் போனில் தன் இலக்கத்தையும் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவரிடமிருந்து ரோசாப்பூப் போட்ட வாழ்த்துப் படம் ஒன்று வருகிறது. எங்கள் சித்தப்பாமார் அனுப்புகிற அதே ரோசாப்பூ.

ஒடென்சேக்கு வந்து இறங்கிய அன்று பின்னேரம் குசினியில் விசாரணை. நான் ட்ராமில் வரும்போதே பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். மகள் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கணவர் நான் கொண்டுவந்த மிச்ச நூகாவைச் சாமிப்படத் தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, விபூதி பூசிக்கொண்டு வந்து நீதிபதிபோல் இருந்தார்.

"போனை எடுக்கவில்லை. புள்ளி போகக்கூடாத இடத்துக்குப் போனது. இரண்டும் நடந்தது, மோர்" என்றாள் மகள் டெனிஷில்.

"ஓம்" என்றேன். அடுக்கி வைத்த பதில்களில் அது இருக்கவில்லை.

அவள் தன் பையைத் திறந்து ஒரு நாடாவை எடுத்து மேசையில் வைத்தாள். போனைக் கொளுவிக் கழுத்தில் போடுகிற நாடா. எங்கள் தேசிக்காய் ஊறுகாய் நிறம். "அடுத்த முறை இதில் போட்டுக்கொண்டு போங்கள்" என்றாள்.

அடுத்த முறை! நான் அந்த இரண்டு சொல்லையும் விழுங்கிவிட்டு, முகத்தில் காட்டாமல் இருந்தேன்.

"அடுத்த முறையும் அங்கையே போம்" என்றார் கணவர். "அங்கை இப்ப உமக்கு ஆள் இருக்குது. போயிட்டுத் தங்காமல் வந்தால் அந்த மனிசி கோவிக்கும்."

ஒருவரும் இல்லை என்று உலகப்படத்தில் நான் கண்டுபிடித்த ஒரே நாட்டையும் ஒரு பின்னேரத்தில் சொந்தக்காரர் நாடாக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, "பாத்தியே, அவவும் சரிபாதி திருப்பித் தந்தவ. உலகம் முழுக்க ஒரே முறைதான்" என்று மகளுக்கு அடித்துச் சொன்னேன்.

மகள் நூகாவைப் பார்த்தாள். "இல்லை" என்றாள். அந்த அம்மா, மகளின் தோழியிடம் இரண்டு கேள்வி கேட்டாராம். இந்தப் பையை என்ன செய்வது என்பது முதலாவது. ஒரு திரியை ஏற்றுங்கள், மிட்டாயில் பாதியை எடுங்கள், மற்றப் பாதியை வெளியே நிற்கிற அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் அவர் அந்த வாசலை விட்டுப் போகவேமாட்டார் என்று சொல்லச் சொன்னது மகள்தான். கோயிலுக்குக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறவள். போனை நோண்டிக்கொண்டு தூணோடு சாய்ந்து நிற்கிறவள்.

"மற்றக் கேள்வி என்ன?"

"யாருக்காகக் கும்பிட வேண்டும் என்று கேட்டார்." மகள் நாடாவைச் சுற்றிக்கொண்டு இருந்தாள். "உங்கள் பெயரைச் சொன்னேன். ஆயிலியம் என்றும் சொன்னேன்."

அது என் நட்சத்திரம். ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். என் கல்யாணப் பேச்சில் அந்த நட்சத்திரத்தைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு இருமல் வந்தது. என் மாமியார் தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து, பல் விழுந்த பிறகும் என்னைத் திட்டி, அந்தப் பழியைப் பொய்யாக்கிவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்குப் பழகிவிட்டது. அர்ச்சனைக்குக் கணவர் பெயர் சொல்வேன், மகள் பெயர் சொல்வேன், அதோடு நிறுத்திவிடுவேன். மலை ஊரின் வாசலில், எனக்காக எடுத்த ஒரே நாளிலும், அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

"நான் ஒருநாளும் உனக்குச் சொல்லேல்லையே. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் சொல்லமாட்டீர்கள். ஐயர்தான் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார்" என்றாள் டெனிஷில். பிறகு ஐயரின் குரலை அப்படியே எடுத்து, தமிழில் சொன்னாள். "அம்மாவுக்கு?" அடுத்ததாக என் குரலில், தலையைக் குனிந்து, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத மாதிரி, "ஆயிலியம்."

கணவர் சிரித்தார். அவள் என்னை அவ்வளவு சரியாகச் செய்திருந்தாள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்கு வைப்பதுபோல் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கேத்தல் கொதித்து அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.